ஒரு வேடமும் பல நடிகரும்

புகழ்வதற்கு உவமை தேடுவது மனித இயல்பு. புலவரைக் கம்பரோடும் வள்ளலைக் கர்ணனோடும் ஒப்பிட்டுப் பழகிய நாம், நடிகரையும் அவ்வாறே ஒப்பிட்டு மகிழ்கிறோம். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் அவர்களைத் 'தென்னாட்டு மார்லன் பிராண்டோ' என்று கூறும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. மும்பை மாநகரில் வாழும் நமக்கு மற்றொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. அலுவலகத்திலோ மின்சார ரயிலிலோ வடநாட்டு நண்பரோடு திரைப்படம் பற்றிப் பேச்சு எழுந்தால், "எங்கள் சிவாஜிக்கு முன் உங்கள் திலீப் குமார் எம்மாத்திரம்?" என்கிறோம். "உங்கள் நடிகர் உரக்கப் பேசுபவர் அல்லரோ?" என்று அவர் மறுமொழி கூறுகிறார். வாதம் அத்துடன் நின்றுவிடும். பெரும்பாலும் அவ்விருவருள் ஒருவரும் மற்றவர் போற்றும் நடிகரின் படம் ஒன்றையேனும் முழுமையாகக் கண்டவராக இரார்.

இது வெறும் பொழுதுபோக்கு வாதமன்றோ, இதை ஆராய்வதால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். இந்நகரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழைச் செவியால் மட்டுமே அறிந்தவர்கள். கட்டபொம்மன் முழங்கும் காட்சியின் சிறு துண்டு ஒன்றைக் கைப்பேசியில் கண்டுவிட்டு, சிவாஜி என்றால் இவ்வளவே என்று அவர்கள் முடிவு செய்துவிடுகின்றனர். மூன்று நூறு படங்களுக்கு அண்மையில் நடித்த ஒரு கலைஞர் அடுத்த தலைமுறைக்கு ஒரு முழக்கமாக மட்டும் எஞ்சுவாராயின், அவ்விழப்பு அவருடையதன்று; நம்முடையதேயாகும்.

அம்முழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் காண்போம். 1928-ஆம் ஆண்டு பிறந்த கணேசன், சிறு வயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளே நம் நடிகர்களுக்குப் பள்ளிக்கூடமாக விளங்கின. அங்கே சிறுவர்கள் ஸ்திரீபார்ட்டும் ராஜபார்ட்டும் கள்ளபார்ட்டும் மாறி மாறிப் பயின்றனர். ஒலிபெருக்கியின் துணையில்லாத கொட்டகையில், கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்டாக வேண்டும். முகக்குறிப்பும் அவன் கண்ணுக்கு எட்டியாக வேண்டும். பின்னர் அறிஞர் அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்தபோது, தந்தை பெரியார் சூட்டிய பெயரே 'சிவாஜி' என்பது. மராட்டிய மண்ணில் வாழும் தமிழராகிய நமக்கு அப்பெயர் தனியோர் உவகையைத் தருவதில் வியப்பில்லை.

1952-இல் வெளிவந்த 'பராசக்தி'யில், மு. கருணாநிதி அவர்களின் உரையாடல் அவருடைய நாவில் ஏறியபோது தமிழகம் சொல்லின் சுவையைத் திரையில் கண்டது. மேடைப் பேச்சு ஒரு கலையாக ஓங்கியிருந்த காலம் அது. அடுக்குமொழியை மூச்சு முறியாமல் பொருள் சிதையாமல் உரைப்பது அன்றைய நடிகருக்குரிய இலக்கணம். ஆகவே அவர் உரக்கப் பேசினார் என்பது குறையன்று. ஒரு மரபின் அடையாளம்.

திலீப் குமார் வந்த வழி வேறு. அவர் நாடகக் குழு எதிலும் பயின்றவரல்லர். மலாடில் இயங்கிய பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தின் 'ஜ்வார் பாட்டா' என்னும் படத்தில் 1944-இல் நேராகத் திரைக்கு வந்தார். அவர் முதன்முதலில் பேசியது கடைசி வரிசைக்கு அன்று, அருகிலிருந்த ஒலிவாங்கிக்கு. எனவே தாழ்ந்த குரலும் இடைவெளி விட்டுப் பேசும் முறையும் அவருக்கு இயல்பாயின. பிராண்டோவோ மேடையிலிருந்து வந்தவரே. ஆயினும் நியூயார்க்கில் ஸ்டெல்லா ஆட்லரிடம் அவர் கற்றது, பாத்திரத்தின் உள்ளக் கிடக்கையை முதலில் கண்டு, பின்னர்ச் சொல்லுக்கு வரும் முறை. மூவரும் மூன்று ஊற்றுகளிலிருந்து புறப்பட்ட ஆறுகள். ஓர் ஆற்றை மற்றோர் ஆற்றின் பெயரால் அழைத்தால் அதன் பெருமை கூடுமோ? காவிரியைத் 'தென்னாட்டுக் கங்கை' என்பதில் அன்பு உண்டு. ஆனால் அப்பெயர் காவிரி எங்குப் பிறந்து எங்குப் பாய்கிறது என்பதை நமக்கு உணர்த்துவதில்லை.

சரி, ஒரு நடிகரின் ஆற்றலை எதைக் கொண்டு அளப்பது? நமக்கு அயலார் அளவுகோல் வேண்டுவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, அவை ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறப்பதாகவும் வகுத்துள்ளார். பெருமிதம் என்பது கல்வியாலும் தோன்றும், தறுகண்மையாலும் தோன்றும், புகழாலும் கொடையாலும் தோன்றும். ஒரே மெய்ப்பாடு, பிறக்கும் இடமோ வெவ்வேறு. நடிகரின் வீச்சை அறிய இதனினும் நுண்ணிய கருவி வேறுண்டோ?

இக்கருவியை இரண்டு படங்களில் பொருத்திப் பார்ப்போம். 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' ஆகிய இரண்டையும் இயக்கியவர் பி. ஆர். பந்துலு. இரண்டும் விடுதலை வேட்கையின் கதைகள். இரண்டிலும் தலைவர் சிவாஜி. முன்னது சிவாஜி நாடக மன்றத்தார் மேடையில் நடித்துப் புகழ்பெற்ற நாடகத்திலிருந்து பிறந்த படம். அதன் பெருமிதம் தறுகண்மையில் எழுவது. ஆதலின் குரல் ஓங்குகிறது, மார்பு நிமிர்கிறது. கெய்ரோவில் 1960-இல் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் என்னும் சிறப்பைத் தந்ததும் அப்படமே. பின்னதில் அவர் வ. உ. சிதம்பரனார், சட்டம் கற்றவர், தம் பொருளையெல்லாம் நாட்டுக்கு ஈந்தவர். அவருடைய பெருமிதம் கல்வியிலும் கொடையிலும் எழுவது. ஆதலின் குரல் அடங்குகிறது; செக்கிழுத்துத் தளர்ந்த உடலில் கண்கள் மட்டுமே பேசுகின்றன. இரண்டே ஆண்டு இடைவெளியில், ஒரே இயக்குநரிடம், ஒரே மெய்ப்பாட்டை இருவேறு நிலைக்களன்களில் காட்டிய இவ்வரிய செயலைக் கைப்பேசித் துண்டு எவ்வாறு உணர்த்தும்?

இவ்விரண்டு மட்டுமன்று. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாடலே இல்லாத படம். அதில் நாட்டைக் காட்டிக் கொடுப்பவனாக நடிக்க அவர் தயங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1985-இல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'யில், இல்லற இன்பம் அறியாத கிராமத்துப் பெரியவராக, சொல்லைச் சுருக்கி மௌனத்தையே மொழியாக்கினார். உரக்கப் பேச மட்டுமே தெரிந்தவர் என்னும் கூற்று இப்படங்களின் முன் நில்லாது.

இனி, வடநாட்டு நடிகரோடு ஒப்பிடும் வழக்கத்துக்கு வருவோம். முறையான ஒப்பீட்டுக்கு வரலாறு நமக்கு ஓர் அரிய வாய்ப்பைத் தந்திருக்கிறது. சிவாஜி தமிழில் ஏற்ற வேடங்கள் பலவற்றை இந்தியில் பிறர் ஏற்றனர். அவற்றுள் பலவற்றை இரு மொழியிலும் இயக்கியவர் ஒருவரே. அவர் ஏ. பீம்சிங். 'பாசமலர்' 1961-இல் வந்தது; மறு ஆண்டே 'ராக்கி' என்னும் பெயரில் அசோக் குமார் அவ்வண்ணன் வேடத்தை ஏற்றார். 'பாகப்பிரிவினை' 1959-இல் வந்தது. 1965-இல் 'கான்தான்' படத்தில் கை விளங்காத அந்த எளியவனாகச் சுனில் தத் நடித்தார். இவ்விரு வேடங்களும் அவ்விரு நடிகர்களுக்கும் பிலிம்பேர் விருதைப் பெற்றுத் தந்தன. கே. சங்கர் இயக்கத்தில் 1962-இல் வெளிவந்த 'ஆலயமணி'யை, 1968-இல் 'ஆத்மி' என்று பீம்சிங் இந்தியில் இயக்கியபோது, ஐயத்தால் வெந்துருகும் செல்வராக நடித்தவர் திலீப் குமாரே.

இரு மொழிப் படங்களையும் அடுத்தடுத்துக் காண்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். வேடம் ஒன்றே, அதற்குள் புகும் வாயில்கள் பல. பாசமலரின் அண்ணன் துயரத்தை மறைக்காமல் பெருக்குகிறார். ஒப்பாரியும் தாலாட்டும் பாடி வளர்ந்த மக்கள் அதைத் தம் வீட்டுத் துயராகவே கண்டு அழுதனர். அடங்கிய குரலுக்குப் பழகிய மக்களுக்கு அதே துயரை அடக்கியே காட்ட வேண்டியிருந்தது. இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பது, பண் உயர்ந்ததா தாளம் உயர்ந்ததா என்று கேட்பதை ஒக்கும்.

ஏ. பி. நாகராஜன் 1964-இல் இயக்கிய 'நவராத்திரி' இதற்குச் சிறந்த சான்று. ஒன்பது இரவுகளில் ஒரு பெண் சந்திக்கும் ஒன்பது ஆடவராகச் சிவாஜி ஒருவரே தோன்றினார்; அவருக்கு ஈடுகொடுத்து நின்றவர் சாவித்திரி. 1966-இல் தெலுங்கில் நாகேசுவர ராவும், 1974-இல் 'நயா தின் நயீ ராத்' என்னும் இந்திப் படத்தில் சஞ்சீவ் குமாரும் அவ்வொன்பது வேடங்களையும் ஏற்றனர். இந்திப் படத்தை இயக்கியவரும் பீம்சிங்கே. அன்று முதல், சிவாஜியின் முன் சஞ்சீவ் குமார் தோற்றார் என்பது நம்மவர் பலர் வழங்கும் தீர்ப்பு. இத்தீர்ப்பு முறையானதன்று. நவராத்திரியின் தெருக்கூத்துக் கலைஞரிடம் நாம் காணும் அடவும் குரலும் தமிழ் நிலத்துக்கே உரியவை. அவற்றைக் குஜராத்திக் குடும்பத்தில் பிறந்து மும்பை நாடக மேடையில் பயின்ற ஒருவரிடம் எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? 1972-இல் வந்த 'கோஷிஷ்' படத்தில் செவியும் வாயும் இல்லாதவராக ஒரு சொல்லும் உரைக்காமல் நடித்துத் தேசிய விருது பெற்றவர் அவர். அப்படத்தைக் காணாமல் அவரைச் சிறியவர் என்பது, 'முதல் மரியாதை'யைக் காணாமல் சிவாஜியை உரத்தவர் என்பதற்கு இணையான பிழையே.

விருதுகளை எண்ணி முடிவு காண்போரும் உளர். சிறந்த நடிகருக்குரிய தேசிய விருது 1971-ஆம் ஆண்டு 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம். ஜி. ஆர். அவர்களுக்குக் கிடைத்தது; சிவாஜிக்கு அவ்விருது ஒருபோதும் கிடைக்கவில்லை. இதைக் கொண்டு இரு தரப்பு ரசிகரும் செய்த வாதங்களுக்கு எல்லையில்லை. பிரான்சு நாட்டு அரசு 1995-இல் அவருக்குச் செவாலியர் விருது அளித்தது. தாதாசாகேப் பால்கே விருதும் பின்னர் வந்தது. விருது வந்ததாலும் வாராததாலும் வ. உ. சி.யின் கண்களில் அவர் காட்டிய துயரம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஒப்பிடவே கூடாது என்பது நம் கருத்தன்று. ஒரே வேடத்தை, அவ்வவர் மரபை அறிந்து, முழுமையாகக் கண்டு ஒப்பிடும்போது இரு நடிகரும் விளக்கம் பெறுகின்றனர். துண்டைக் கண்டு பட்டம் சூட்டும்போது இருவரும் மறைந்து போகின்றனர். ஒரு காலத்தில் மாட்டுங்காவின் அரோரா திரையரங்கு இந்நகரத் தமிழர்க்குத் தமிழ்ப் படங்களைக் காட்டியது. இன்று அப்பணியை நம்மைப் போன்ற சங்கங்களே மேற்கொள்ளலாம். ஒரு வாரம் 'பாசமலர்', மறு வாரம் 'ராக்கி'. ஒரு வாரம் 'நவராத்திரி', மறு வாரம் 'நயா தின் நயீ ராத்' என்று திரையிட்டு, நம் பிள்ளைகளையும் வடநாட்டு நண்பர்களையும் அருகருகே அமரச் செய்வோம். வாதம் அப்போதும் எழும். ஆனால் அது இரு தரப்பாரும் கண்டறிந்து பேசும் வாதமாக இருக்கும்.