அடைத்த கடனுக்கு ஏது ஏடு?

பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895இல் சென்னை அரசுக்கு அளித்த அறிக்கை, மாகாணத்துக் குடியானவர்களின் மொத்தக் கடனை 45 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 1930இல் மாகாண வங்கி விசாரணைக் குழு அதை 150 கோடி என்றும், 1935இல் சத்தியநாதன் அறிக்கை 200 கோடி என்றும் கணக்கிட்டன. கடன் எவ்வளவு பெருகியது என்பதை இந்தத் தொகைகள் காட்டுகின்றன. ஆனால் கடன்பட்டவருடைய பெயர் எவ்வாறு கெட்டது, கெட்ட பெயரோடு அதிக வட்டியையும் சுமந்துகொண்டிருந்த ஒருவர் மறுபடி நம்பிக்கைக்கு உரியவராக எந்த வழியில் ஆக முடிந்தது என்பது இவற்றிலிருந்து தெரியவராது. அதை அறிய, கடன் எழுதப்பட்ட தாள்களையும் அந்தத் தாள்கள் யார் கையில் இருந்தன என்பதையும் பார்க்க வேண்டும்.

ஊரில் மிகுதியும் புழங்கிய தாள் புரோநோட்டு, அதாவது கேட்டபோது அசலையும் வட்டியையும் தருவதாகக் கடனாளி எழுதிக் கையொப்பமிடும் கடனுறுதிச் சீட்டு. அதன் முகப்பில் தொகை, தேதி, வட்டி வீதம் ஆகியவற்றை எழுதி, ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் படும்படி கையொப்பமோ கைநாட்டோ வைப்பர். வட்டியை மாதக் கணக்கில் சொல்வதே வழக்கம். ‘இரண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 விழுக்காடு. கடனாளி இடையில் ஏதேனும் தொகை செலுத்தினால் அது சீட்டின் பின்புறத்தில் வரவாக எழுதப்பட்டு, அதன் கீழ் அவர் கையொப்பமிடுவார். புரோநோட்டின் பேரில் வழக்குத் தொடுக்கச் சட்டம் அளித்த காலக்கெடு 3 ஆண்டுகளே. பின்புறத்தில் எழுதிய ஒவ்வொரு வரவும் அந்த 3 ஆண்டுகளைப் புதிதாகத் தொடங்கிவைத்ததால், அவ்வரவு கடனாளியின் ஒழுங்குக்குச் சான்றாக இருந்ததைவிடக் கடன் கொடுத்தவரின் உரிமைக்குக் காப்பாகவே மிகுதியும் பயன்பட்டது. அசலும் வட்டியும் முழுதாகத் தீர்ந்த அன்று சீட்டைக் கிழித்துப் போடுவார்கள், அல்லது கடனாளியிடமே திருப்பித் தருவார்கள். பல ஆண்டுகள் தவணை தவறாமல் கட்டியதற்கு இருந்த ஒரே எழுத்துச் சான்றும் அத்தோடு ஒழிந்துபோகும்.

கட்டத் தவறியதற்கான சான்றோ அழிவதே இல்லை. அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, நிலத்தின் வில்லங்கச் சான்றில் ஏறியது. கடன் வழக்கின் தீர்ப்பும் அதை நிறைவேற்ற நடந்த ஏலமும் நீதிமன்ற ஏடுகளில் நிலைத்தன. மக்கள் ‘மஞ்சள் கடுதாசி’ என்று சொல்லும் நொடிப்பு மனுவைக் கொடுத்தவரின் நிலை இன்னும் கடினமானது. 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி, நீதிமன்றம் விடுவிக்கும்வரை அவர் தம் நிலையைத் தெரிவிக்காமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் பெற்றால் 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்கு உள்ளாகலாம். இவ்வாறு, கெட்ட பெயரைக் காத்துவைக்க அரசு பல ஏடுகளை வைத்திருந்த காலத்தில் நல்ல பெயரைக் காத்துவைக்க ஓர் ஏடும் இல்லை. லேவாதேவிக்காரரின் நினைவும் ஊராரின் பேச்சும்தான் அந்த இடத்தை நிரப்பின என்பதால், கடன் கொடுத்த ஒருவரிடம் பெயர் கெட்டவர் வேறொருவரிடம் போனால் கூடுதல் வட்டி கொடுக்க வேண்டியிருந்தது. நகை இருந்தவர்கள் மட்டும் இதிலிருந்து ஓரளவு தப்பினர். அடகுக் கடைக்காரர் பார்த்தது பொன்னின் எடையையும் மாற்றையும்தான்.

நிக்கல்சன் பரிந்துரைத்த மாற்று, ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் வளர்த்த சிற்றூர்க் கடன் சங்கம் ஆகும். தனித்தனியே கடன் பெறும் தகுதி இல்லாத குடியானவர்கள் ஒன்றுசேர்ந்து, சங்கத்தின் கடன் முழுவதற்கும் ஒவ்வொருவரும் பொறுப்பேற்றால், அந்தக் கூட்டுப் பொறுப்பின் பேரில் வெளியிலிருந்து குறைந்த வட்டிக்குப் பணம் பெறலாம் என்பது அதன் அடிப்படை. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டவுடன் செங்கற்பட்டு மாவட்டத்தின் திரூரில் ஒரு கிராமச் சங்கமும் காஞ்சிபுரத்தில் ஒரு நகரச் சங்கமும் தோன்றின. இவை கொணர்ந்த மாறுதல்களில் வட்டிக் குறைப்பே பெரிதாகப் பேசப்பட்டாலும், அதற்கு நிகரான மாறுதல் பேரேட்டில் நேர்ந்தது. உறுப்பினரின் பெயரில் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டு, அவர் வாங்கியதும் கட்டியதும் வரிசையாக அதில் ஏறின. கடன் அடைந்த பிறகும் அந்தப் பக்கம் கிழிக்கப்படவில்லை. அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கும்போது நிர்வாகக் குழு அதைப் புரட்டிப் பார்க்க முடிந்தது. தவறியவர் ஒழுங்காகக் கட்டத் தொடங்கினால் அதுவும் அதே பக்கத்தில் தெரிந்தது.

இந்த ஏடு பொய்யும் சொன்னது என்பதை மறைக்கக் கூடாது. தவணை நாள் நெருங்கும்போது லேவாதேவிக்காரரிடம் சில நாளுக்குக் கைமாற்று வாங்கிச் சங்கக் கடனை அடைப்பதும், அடுத்த வாரமே சங்கத்தில் புதுக்கடன் எடுத்துக் கைமாற்றைத் தீர்ப்பதும் பரவலாக நடந்தன. பேரேட்டில் கடன் தீர்ந்திருக்க, வீட்டில் அது வளர்ந்துகொண்டிருந்தது. அதைவிடப் பெரிய குறை, நிலமற்ற கூலிகளுக்கும் வாரக் குடிகளுக்கும் அந்தப் பேரேட்டில் பக்கமே கிடைக்காமற்போனது. உறுப்பினரின் சொத்தை வைத்தே கடன் வரம்பு வகுக்கப்பட்டதால், மிகக் கொடிய வட்டியைக் கட்டியவர்களே சங்கத்துக்கு வெளியே நின்றனர்.

ஒரே அறுவடையில் தீர்க்க முடியாத பழங்கடனுக்கென 1929இல் சென்னை மத்திய நில அடமான வங்கி தொடங்கப்பட்டது. அரசின் உத்தரவாதம் பெற்ற கடன்பத்திரங்களை விற்றுத் திரட்டிய பணத்தை, இணைந்த ஊர் வங்கிகளின் வழியாக நீண்ட காலத் தவணையில் கொடுத்து, லேவாதேவிக்காரரிடம் இருந்த அதிக வட்டி அடமானத்தை மீட்பதே அதன் முதன்மைப் பணியாக இருந்தது. ஓர் இடத்துக் கடனைக் குறைந்த வட்டிக்கு வேறோர் இடத்துக்கு மாற்றும் இம்முறை இன்று வங்கிகளில் அன்றாட வழக்கமாகத் தோன்றலாம். அன்றைய சிறு நிலக்காரருக்கு அது தலைமுறைக் கடனிலிருந்து வெளியேறும் கதவாக அமைந்தது. ஆயினும் வங்கி திறந்த அதே ஆண்டில் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலைகள் வீழ, ரூபாயில் எழுதிய கடனின் சுமை நெல்லில் கணக்கிட்டபோது பெரிதும் கூடிற்று.

அந்தச் சுமைக்கு விடையாக ராஜாஜியின் அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், இந்தியாவின் கடன் நிவாரணச் சட்டங்களில் துணிவு மிக்கவற்றுள் ஒன்று. 1932 அக்டோபர் 1க்கு முன் ஏற்பட்ட கடனில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் அசலும் தீர்ந்தது. 1925இல் 500 ரூபாய் வாங்கி, வட்டியாகவே 1,000 ரூபாய் கட்டியிருந்த உழவர் இனி ஒரு காசும் தர வேண்டியதில்லை. புதிய கடனுக்கான உச்ச வட்டி ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, அதாவது ஆண்டுக்கு ஓரணா என வகுக்கப்பட்டது. இது 6¼ விழுக்காடு. நியாயத்தின் பக்கம் நின்ற இச்சட்டம் பல்லாயிரம் குடும்பங்களின் நிலத்தைக் காத்தது. ஆனால் சட்டத்தால் கடன் குறைக்கப்பட்டவருக்கு மறு ஆண்டு விதைக்கும் மாட்டுக்கும் பணம் தேவைப்பட்டபோது, லேவாதேவிக்காரர் பையை இறுக்கிக்கொண்டார், அல்லது கொடுத்த தொகையைவிடக் கூடுதலாகப் புரோநோட்டில் எழுதி வாங்கினார், அல்லது அடமானத்துக்கு மாறாகக் கிரயமே எழுதித் தரச் சொன்னார். கடனைக் குறைக்கும் ஆற்றல் சட்டத்துக்கு இருந்தது; கடனாளிக்குப் புதிய நம்பிக்கையை ஈட்டித் தரும் அமைப்புகளோ போதிய அளவில் வளரவில்லை. 1951–52இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின்படி, நாட்டு உழவர்கள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடே.

அடைத்த கடனையும் தவறிய கடனையும் ஒரே ஏட்டில் நாடு முழுவதும் பதியும் முயற்சி, 2000இல் நிறுவப்பட்ட சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தோடு தொடங்கி, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் முறைப்படுத்தப்பட்டது. ஒருவரின் கடன் வரலாற்றை 300க்கும் 900க்கும் இடைப்பட்ட எண்ணாகச் சிபில் சுருக்குகிறது. வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கணக்கை முடித்தால், முழுதாகக் கட்டி முடித்ததற்குரிய குறிப்பு கிடைக்காமல் ‘செட்டில்டு’ என்ற குறிப்பு அறிக்கையில் தங்குவதால், 1938இன் கடனாளி எதிர்கொண்ட தயக்கத்தை இன்றைய கடனாளியும் எதிர்கொள்கிறார். கிரெடிட் கார்டு நிலுவைக்கு மாதம் 3 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி கட்டுபவர் அதை நகைக்கடனாலோ குறைந்த வட்டிக் கடனாலோ மாற்றிக்கொண்டு, தவணைகளைத் தவறாமல் கட்டுவதே எண் ஏறுவதற்கான வழி. வைப்புத்தொகையை ஈடாக வைத்துச் சிறிய வரம்புள்ள கார்டு பெறுவது, வேறெங்கும் கடன் கிடைக்காதவர் மறுபடி தொடங்கும் இடம். ஏட்டைக் கடனாளியே பார்க்கும் உரிமையும் இப்போது உண்டு: 2017 முதல் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். தவறான பதிவு குறித்த புகார் 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது.

இந்த ஏடு எட்டாத கடன்களும் உள்ளன. தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுத்த சட்டம் 2003இல் வந்தது. தண்டலில் 10,000 ரூபாய்க்கு 1,000 முன்பிடித்தம் போக 9,000 பெற்று, நாள்தோறும் 100 ரூபாயாக 100 நாள் கட்டும் காய்கறி வியாபாரி ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கொடுக்கிறார். அவர் ஒரு நாளும் தவறாமல் கட்டினாலும் அது எந்தக் கடன் அறிக்கையிலும் ஏறுவதில்லை. அதே வியாபாரி மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினராக இருந்தால், உறுப்பினர்வாரியாக விவரம் அனுப்புமாறு 2016இல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணையின்படி, குழுவின் வழியாக அவர் கட்டும் தவணை அவருடைய பெயரிலேயே பதிவாகிறது.