பின்ன வகுத்தல்: தமிழ்க் கணக்கு முறை

வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கும் விதி இந்தியக் கணிதத்தில் மிகப் பழையது. பிரம்மகுப்தர் (628), மகாவீரர் (சுமார் 850), இரண்டாம் பாஸ்கரர் (1150) ஆகிய மூவரும் அதைக் கூறியுள்ளனர். மகாவீரரின் கணிதசாரசங்கிரகத்தை எம். ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னையில் வெளிவந்தது. தமிழ்நாட்டு ஊர்க்கணக்கருக்கோ இவ்விதி தேவைப்படவில்லை. திண்ணைப்பள்ளியின் வாய்பாட்டு நூலான எண்சுவடியில் ஒவ்வொரு பின்னமும் தனிப் பெயரும் தனிக் குறியும் உடைய எண். அவற்றின் மேல்வரிசையில் சிறியதாகிய முந்திரி 1/320. அதாவது மாவில் (1/20) வீசம் (1/16). இரண்டு முந்திரி அரைக்காணி, நான்கு காணி, பதினாறு மா, இருபது வீசம், நாற்பது அரைக்கால், எண்பது கால். அதற்கும் கீழே முந்திரியை 320 கூறாக்கிய கீழ்முந்திரி உண்டு. பின்னங்கள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதால், வகுக்கப்படுவதையும் வகுப்பதையும் ஒரே சிறு அலகுக்குக் கொண்டுவந்தால் பின்ன வகுத்தல் முழுஎண் வகுத்தலாகிவிடும். ஆறேகாலை ஒன்றேகாலால் வகுக்க, 25 காலை 5 காலால் வகுத்தால் போதும்; ஈவு 5. முக்காலே அரைக்காலை ஒன்றேமுக்காலால் வகுத்தால், 7 அரைக்காலுக்கு 14 அரைக்கால், ஈவு அரை.

மூன்று, ஏழு போன்ற எண்களால் வகுத்தால் இம்முறை முட்டிக்கொள்ளும் என்பது நியாயமான மறுப்பே. ஒன்றை மூன்றாக வகுத்தால் காலும் வீசமும் காணியும் அரைக்காணியும் சேர்ந்த 106 முந்திரி வந்து, 2 முந்திரி மிஞ்சும். அதை 640 கீழ்முந்திரியாக்கி வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆனால் நெல்லளவையில், மூன்றால் வகுப்பதைப் பொறுத்தவரை, இக்குறை பெரிதும் தீர்ந்திருந்தது. கலத்துக்கு 12 மரக்கால் என்பதால் மூன்றில் ஒரு பங்கு மிச்சமின்றி 4 மரக்கால். வெறும் மனப்பாடம் என்ற குற்றச்சாட்டும் நிற்காது: எந்த அலகுக்கு இறங்குவது, மிச்சத்தை எங்கே விடுவது என்று முடிவுசெய்வது வாய்பாடு அன்று, கணக்கனின் அறிவு.

செங்கல்பட்டுச் சீமையில் இக்கணக்குக்கு ஓயாத வேலை இருந்தது. 1763இல் ஆற்காட்டு நவாபு இச்சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகத் தந்தபின், தாமஸ் பர்னார்டு 1767–1774இல் சுமார் 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். விளைச்சலில் கோயிலுக்கும் ஊர்த்தொழிலாளருக்கும் போன பங்குகள் அதில் பதிவாயின. மிராசு எனும் பரம்பரை உரிமை நிலவிய ஊர்களில் நிலவுரிமையே பங்குகளாக எண்ணப்பட்டது. வாரிசுரிமையாலும் விற்பனையாலும் அரைப்பங்கு, கால்பங்கு, அரைக்கால் எனப் பிரிந்தது. இவ்வுரிமை பற்றிச் சென்னைக் கலெக்டராக இருந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ் எழுதிய விரிவான விளக்கம் 1818இல் வெளிவந்தது.

இந்தப் பின்னப் புழக்கம் நிலைக்கவில்லை: 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்தபோது, ரூபாயில் வீசமாக இருந்த அணா மறையத் தொடங்கியது. இன்று பள்ளிகளில் கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக்கித் தலைகீழியால் பெருக்கும் முறை கற்பிக்கப்படுகிறது.