புரோ கபடி லீக் 11 ஆம் பருவ இறுதிப் போட்டி

புரோ கபடி லீக் 11 ஆம் பருவ இறுதிப் போட்டி என்பது 2024 டிசம்பர் 29 அன்று மகாராட்டிர மாநிலம் புனே நகரின் பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் நடைபெற்ற கபடிப் போட்டியாகும். இதில் அரியானா ஸ்டீலர்ஸ் அணி பாட்னா பைரேட்ஸ் அணியை 32-23 என்ற புள்ளிக் கணக்கில் வென்று தனது முதல் வாகையர் பட்டத்தைப் பெற்றது. அந்தப் பருவத்தில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்திருந்த வீரரை எதிரணியின் பிடிப்பு வரிசை கட்டுப்படுத்தியதால், தற்காப்பு ஆட்டம் பெற்றுத் தந்த வெற்றிக்கு எடுத்துக்காட்டாக இப்போட்டியைக் கூறலாம்.

போட்டிச் சுருக்கம்

அரியானா ஸ்டீலர்ஸ்: 32
பாட்னா பைரேட்ஸ்: 23
முதற்பாதி முடிவில்: 15-12 (அரியானா முன்னிலை)
அரியானா தலைவர்: ஜெய்தீப் தகியா
அரியானா பயிற்றுநர்: மன்பிரீத் சிங்

ஆட்ட முறை

கபடியில் அணிக்கு ஏழு பேர் களத்தில் இருப்பர். ஓர் அணியிலிருந்து ஒருவர் பாடிக்கொண்டு எதிரணியின் பகுதிக்குள் சென்று, அங்குள்ளோரைத் தொட்டுவிட்டுத் தம் பகுதிக்குத் திரும்ப வேண்டும். இவர் ரெய்டர் எனப்படுகிறார். அவரைத் திரும்பவிடாமல் மடக்குவோர் பிடிப்பவர்கள் அல்லது டிஃபென்டர்கள் ஆவர். பிடிப்பவர்களில் இரு ஓரங்களிலும் நிற்போர் கார்னர் என்றும், அவர்களுக்குத் துணையாக உட்புறத்தில் நிற்போர் கவர் என்றும் அழைக்கப்படுகின்றனர்.

ரெய்டர் ஒரே முறையில் பலரைத் தொட்டுப் பல புள்ளிகள் பெற இயலும். பிடிப்பவர்களுக்கோ ஒரு பிடிக்கு ஒரு புள்ளி மட்டுமே கிடைக்கும். மூவரோ அதற்குக் குறைவானோரோ களத்தில் இருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளிகள். ஆயினும் பிடியின் பயன் புள்ளியோடு முடிவதில்லை. பிடிபட்ட ரெய்டர் களத்தை விட்டு வெளியேற வேண்டும். தம் அணியினர் எதிரணியில் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால்தான் அவர் மீண்டும் உள்ளே வர முடியும். எனவே ஓர் அணியின் சிறந்த ரெய்டரைப் பிடித்தால், அவ்வணியின் முதன்மையான புள்ளி வழியே சிறிது நேரம் அடைபடுகிறது.

பின்னணி

11 ஆம் பருவம் 2024 அக்டோபர் 18 அன்று தொடங்கி ஐதராபாத், நொய்டா, புனே ஆகிய நகரங்களில் நடைபெற்றது. பன்னிரண்டு அணிகள் பங்கேற்றன. 22 ஆட்டங்களில் 16 வெற்றிகளுடன் அரியானா ஸ்டீலர்ஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது. அரையிறுதியில் அவ்வணி உபி யோதாசை 28-25 என வென்றது. மற்றோர் அரையிறுதியில் பாட்னா பைரேட்ஸ் தபாங் டெல்லியை 32-28 என வீழ்த்தியது.

இரு அணிகளின் வலிமையும் வேறுபட்டவை. பாட்னாவின் பலம் தேவாங்க் தலால், அயான் லோச்சாப் என்னும் இரு இளம் ரெய்டர்களிடம் இருந்தது. தேவாங்க் அப்பருவத்தின் 25 ஆட்டங்களில் 301 ரெய்டு புள்ளிகள் எடுத்து முதலிடம் பிடித்தார். இது ஆட்டத்திற்குச் சராசரியாக 12 புள்ளிகள் ஆகும். அரியானாவின் பலம் பிடிப்பு வரிசையில் இருந்தது. இடது கார்னரில் ஈரான் நாட்டவரான மொகம்மத்ரெசா சாட்லூயி, வலது கார்னரில் ராகுல் சேத்பால், இடது கவரில் அணித்தலைவர் ஜெய்தீப் ஆகியோர் ஆடிவந்தனர்.

பாட்னாவிற்கு முன்னரே மூன்று பட்டங்கள் இருந்தன. அரியானாவிற்கு ஒன்றும் இல்லை. 2024 மார்ச் 1 அன்று ஐதராபாத்தில் நடந்த 10 ஆம் பருவ இறுதியில் புனேரி பல்தானிடம் 25-28 என அரியானா தோற்றிருந்தது. அன்று புனேரி அணியில் ஆடிய சாட்லூயியை அடுத்த ஏலத்தில் 2.07 கோடி ரூபாய்க்கு அரியானா வாங்கியது. சாட்லூயி அதற்கு முன்னர் பாட்னா அணியில் ஆடியவர். 8 ஆம் பருவ இறுதியில் பாட்னா 36-37 என ஒரே புள்ளியில் டெல்லியிடம் தோற்றபோது அவ்வணியில் இருந்தவர்.

பயிற்றுநர் மன்பிரீத் சிங்கின் நிலையும் குறிப்பிடத்தக்கது. வீரராக அவர் 3 ஆம் பருவத்தில் பாட்னாவிற்குத் தலைமையேற்றுப் பட்டம் வென்றவர். ஆனால் பயிற்றுநராக மூன்று இறுதிப் போட்டிகளில் தோல்வி கண்டிருந்தார். அவற்றில் முதலாவது 2017 அக்டோபர் 28 அன்று சென்னையில் நடந்தது. அதில் அவரது குசராத்து அணி பாட்னாவிடம் 38-55 எனத் தோற்றது. பாட்னாவின் பர்தீப் நர்வால் 19 புள்ளிகள் எடுத்தார். 6 ஆம் பருவ இறுதியில் பெங்களூரு புல்சின் பவன் செராவத் 22 புள்ளிகள் எடுக்க, குசராத்து மீண்டும் 33-38 எனத் தோற்றது. இரு முறையும் ஒரே ரெய்டரைத் தடுக்க இயலாமற் போனதே தோல்விக்குப் பெருங்காரணமாயிற்று. மூன்றாவது, மேற்கூறிய 10 ஆம் பருவ இறுதியாகும்.

ஆட்டம்

முதற்பாதி நெருக்கமாகவே இருந்தது. இடைவேளையின்போது அரியானா 15-12 என மூன்று புள்ளிகள் மட்டுமே முன்னிலை பெற்றிருந்தது. இரண்டாம் பாதியில் அரியானா 17 புள்ளிகளும் பாட்னா 11 புள்ளிகளும் எடுத்தன.

அரியானாவின் சார்பில் ரெய்டர் சிவம் பதாரே 9 புள்ளிகளும், சாட்லூயி 7 புள்ளிகளும், வினய் 6 புள்ளிகளும் பெற்றனர். சாட்லூயி ஒரே ஆட்டத்தில் ஐந்துக்குக் குறையாத பிடிப் புள்ளிகள் எடுக்கும் 'ஹை ஃபைவ்' என்ற தகுதியை எட்டினார். பாட்னாவின் தேவாங்க் 5 புள்ளிகளே பெற முடிந்தது. இது அவரது சராசரியில் பாதிக்கும் குறைவாகும். பாட்னாவில் அதிகப் புள்ளி (6) பெற்றவர் குர்தீப் என்ற பிடிப்பவரே. ரெய்டர்களை நம்பி இறுதிவரை வந்த அணியில், இறுதி நாளன்று ரெய்டர்களை விடப் பிடிப்பவர் ஒருவர் முன்னின்றார் என்பதே ஆட்டத்தின் போக்கை உணர்த்தும்.

ஒப்பீடு

2017 சென்னை இறுதியில் இரு அணிகளும் சேர்ந்து 93 புள்ளிகள் எடுத்தன. 2024 டிசம்பரில் இத்தொகை 55 மட்டுமே. அதற்கு முந்தைய இறுதியில் 53 புள்ளிகளும், அடுத்து 2025 அக்டோபர் 31 அன்று டெல்லி 31-28 என வென்ற 12 ஆம் பருவ இறுதியில் 59 புள்ளிகளும் எடுக்கப்பட்டன.

பிற விளையாட்டுகளிலும் இத்தகைய நிகழ்வுகள் உண்டு. அமெரிக்கக் காற்பந்தில் 2013 பருவத்தில் 606 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்த டென்வர் பிராங்கோஸ் அணியை, 2014 பெப்ரவரி 2 அன்று நடந்த சூப்பர் போல் இறுதியில் தற்காப்பிற் சிறந்த சியாட்டில் சீஹாக்ஸ் அணி 43-8 என வென்றது.

தமிழகத் தொடர்பு

சடுகுடு என்ற பெயரிலும் வழங்கும் கபடி தமிழ்நாட்டின் பழைய விளையாட்டுகளுள் ஒன்று. விழுப்புரம், திண்டிவனம் உள்ளிட்ட பகுதிகளின் ஊர்களில் பொங்கல் விழாவையொட்டிக் கபடிப் போட்டிகள் நடத்தப்படுவது வழக்கம். இறுதியில் மோதிய இரு அணிகளுக்கும் முன்னொரு காலத்தில் தமிழர் ஒருவர் தலைவராக இருந்துள்ளார். தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 2016 இல் 4 ஆம் பருவப் பட்டம் வென்ற பாட்னாவிற்கும், 2019 இல் 7 ஆம் பருவத்தில் அரியானாவிற்கும் தலைமை தாங்கினார். அவரும் கார்னரில் நின்று ஆடிய பிடிப்பவரே. அரியானாவும் தமிழ் தலைவாஸ் அணியும் 2017 இல் ஒரே பருவத்தில் லீக்கில் சேர்ந்தவை ஆகும். தமிழ் தலைவாஸ் 9 ஆம் பருவத்தில் அரையிறுதி வரை முன்னேறியது.

விளைவு

இவ்வெற்றியுடன் மன்பிரீத் சிங் பயிற்றுநராகத் தமது முதல் பட்டத்தைப் பெற்றார். சாட்லூயி அடுத்தடுத்த இரு பருவங்களில் இரு வேறு அணிகளுக்காகப் பட்டம் வென்றவரானார்.

இவற்றையும் பார்க்க

கபடி
புரோ கபடி லீக்
தமிழ் தலைவாஸ்