பெரியாறு அணையின் சுண்ணாம்புக் கணக்கு

முல்லைப்பெரியாறு என்று பேச்செடுத்தாலே 999 வருஷக் குத்தகை, 142 அடி, சுப்ரீம் கோர்ட் என்று போய்விடும். அதுக்கெல்லாம் அடியில் ஒரு வேதியியல் கேள்வி இருக்கு: அந்தத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது?

காமயகவுண்டன்பட்டிக்கு மேலே நிற்கும் மேகமலையும் சரி, பெரியாறு மலைகளும் சரி, பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகைக் கடினப் பாறைகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறையிலிருந்து கால்சியம், சோடியம், சிலிக்காவைக் கரைத்து எடுத்துக்கிட்டு, களிமண்ணை விட்டுட்டுப் போகும். ஆனா இது ரொம்ப மெதுவாக நடக்கும் வேலை, மழையோ அதிகம். அதனால் ஆற்றில் வருவது உப்பு குறைந்த மென்னீர். குடிக்க அருமை. சுண்ணாம்புக்குத்தான் ஆகாது, கண்ட இடத்தில் கரைத்துவிடும்.

பென்னிகுவிக் 1887-ல் தொடங்கி 1895-ல் முடித்த அணையின் உள்பகுதி சுண்ணாம்பு-சுர்க்கி கான்கிரீட். சிமெண்ட் அப்போ கப்பலில் வரவேண்டிய சரக்கு. சுர்க்கி என்பது சுட்ட களிமண் பொடி, அதாவது பாறை சிதைந்து மிஞ்சியதைச் சுட்டது. இது சுண்ணாம்போடு சேர்ந்தால் எளிதில் கரையாத கெட்டிப் பொருளாகும். சேராமல் தங்கிய சுண்ணாம்பைத்தான் கசிவுநீர் முதலில் கொண்டுபோகும்.

இதை மறுக்கவும் வேண்டாம், ஊதிப் பெருக்கவும் வேண்டாம். 1930-களிலும் 1960-களிலும் அணையில் துளையிட்டு சிமெண்ட் கரைசல் செலுத்தினாங்க. 1979-க்குப் பிறகு மட்டத்தை 136 அடிக்குக் குறைத்து, மேலே கான்கிரீட் தொப்பி, இரும்புக் கம்பி நங்கூரம், பின்பக்கம் கான்கிரீட் முட்டு என்று பலப்படுத்தினாங்க. 2014 மே 7-ல் சுப்ரீம் கோர்ட் 142 அடிக்கு அனுமதித்தது.

சிலர் நினைப்பதுபோல அந்தச் சுண்ணாம்பு நம்ம வயலுக்கு வர்றதில்லை. நமக்கு வரும் தண்ணீர் தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருது. அணைக் கசிவு பெரியாற்றோடு மேற்கே போயிடும்.

கணக்கு எளிது. கசிவுநீரில் உள்ள கால்சியத்திலிருந்து ஏரி நீரில் உள்ளதைக் கழித்து, கசிவின் அளவால் பெருக்கினால், அணை எவ்வளவு இழக்கிறது என்று கிடைக்கும். அது மட்டுமே பலத்தைச் சொல்லிடாது. ஆனா கூடுதா குறையுதா என்று வருஷா வருஷம் காட்டும். கீழே இருக்கும் இடுக்கிக்காரருக்கும் இங்கே நெல் போடும் நமக்கும் ஒரே அணைதான். அந்த எண் இரண்டு பக்கத்துக்காரரும் எளிதாகப் பார்க்கிற இடத்தில் இருந்தால், வதந்திக்கு வேலை குறையும்.