துரும்பும் வக்காலத்தும்

எம்.ஏ. தமிழ் வகுப்பில் நாவல் வரலாறு நடத்தினார்கள். "வேதநாயகம் பிள்ளை, பிறப்பு 1826, குளத்தூர்" என்று வாத்தியார் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்க ஊருப் பேரு. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஆலங்குடி, திருமெய்யம், குளத்தூர் என்று மூன்று தாலுகா இருந்ததே, அந்தக் குளத்தூர்க்காரர்கள் நாங்கள். அவர் பிறந்தது எந்தக் குளத்தூர் என்ற வழக்கை வேறு யாராவது தீர்க்கட்டும். எனக்கு அவரிடம் வேறு வேலை இருக்கிறது.

அவர் முன்சீப்பாக இருந்தவர். 1805 முதல் 1861 வரை மேல்கோர்ட்டு தந்த தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862இல் வெளியிட்டார். 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், கட்சிக்காரனுக்குப் புரியாத இங்கிலீஷில் வாதாடுகிற தமிழ் வக்கீல்களைப் பிடித்து உலுக்குகிறார். முதல் நாவலிலேயே இந்தக் குறை பதிவாகிவிட்டது. அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து எங்க அத்தை கோர்ட்டு வராந்தாவில் நின்றது.

அத்தையைப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். குடி, அடி, சந்தேகம். 1992இல் சேரியில் பஞ்சாயத்துக் கூடியது. பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் தாத்தா. துரும்பைக் கிள்ளிப் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். "இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று பத்து ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இரண்டு பேரிடமும் கைநாட்டு வாங்கினார்கள். அத்தை இடுப்பில் மூன்று வயசுப் பிள்ளை. அவன் மறு வருஷமே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

1997இல் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு முட்டியபோது, ஜீவனாம்சம் கேட்கலாம் என்று யாரோ சொல்லி, அத்தை கம்மலை அடகு வைத்து ஒரு வக்கீலைப் பிடித்தது. வாய்தாவுக்கு வாய்தா வக்கீலுக்கு நூறு, குமாஸ்தாவுக்கு இருபது. கூடத் துணைக்குப் போன ஏழு வயசுப் பிள்ளை நான். எதிர்த்தரப்பு பஞ்சாயத்துப் பத்திரத்தைக் காட்டி "எல்லாம் தீர்ந்துவிட்டது" என்றது. எங்கள் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார், உட்கார்ந்தார். அடுத்த வாய்தா தேதியை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மனுதாரர் ஆஜராகவில்லை என்று மனு தள்ளுபடியானது. காகிதங்களைக் கேட்டால், "பாக்கி எண்ணூறு இருக்கு, கொடுத்துட்டு வாங்கிக்க" என்றார். பத்திரம் போனது போனதுதான்.

இதை எங்க வீட்டு ஒப்பாரியாக எழுதவில்லை. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

*

"அறுத்துக் கட்டுற சாதி" என்பது நம்மைப் பார்த்துச் சொல்லப்படும் வசவு. பிடிக்காதவனை விட்டு விலகலாம், இன்னொருவனைக் கட்டலாம் என்பது நம் பெண்களுக்கு இருந்த வழக்கம். நம்மிடம் மட்டுமா இருந்தது? 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட சாதித் தொகுப்பைப் பாருங்கள். கள்ளர்களிடமும் துரும்பு கொடுத்துப் பிரிகிற வழக்கம் பதிவாகியிருக்கிறது. கலியாணம் பிரிக்க முடியாத பந்தம் என்பது மேலே இருந்த சிலருடைய சாத்திரம். வெள்ளைக்காரன் கோர்ட்டு அதையே இந்துச் சட்டம் என்று எடுத்துக்கொண்டது.

பிறகு நம் வழக்கங்கள் கூண்டில் ஏறின. புருசன் சம்மதம் இல்லாமலே பெண் விலகி மறுமணம் செய்யும் சாதி வழக்கத்தை, ஒழுக்கத்துக்கு விரோதம் என்று 1864இல் பம்பாய் ஐக்கோர்ட்டு ஒதுக்கியது. இருவரும் ஒத்துப் பிரிகிற வழக்கம் ஒழுக்கக்கேடு அல்ல என்று 1894இல் சென்னை ஐக்கோர்ட்டு ஏற்றது. வித்தியாசத்தைக் கவனியுங்கள். புருசனும் சம்மதித்தால் வழக்கம் செல்லும். பெண் தானாக விலகினால் செல்லாது.

இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் விவாகரத்து வந்தபோது, இந்து தர்மம் அழிகிறது என்று கூச்சல் போட்டார்கள். அம்பேத்கர் திருப்பிக் கேட்டார். மக்களில் தொண்ணூறு சதவீதமான சூத்திரர்களிடம் வழக்கப்படி விவாகரத்து ஏற்கனவே இருக்கிறது, பத்து சதவீதத்தின் சட்டத்தைத் தொண்ணூறு மேல் சுமத்துவீர்களா என்பது அவர் வாதத்தின் சாரம். மசோதாவை முடக்கினார்கள். 1951 செப்டம்பரில் அவர் மந்திரிப் பதவியை விட்டார்.

சென்னை மாகாணம் 1949இலேயே இருதாரத் தடைக்கும் விவாகரத்துக்கும் சட்டம் போட்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1955இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. அதன் 29(2) பிரிவு, வழக்கப்படி பிரிகிற உரிமையைத் தொடவில்லை. ஆக, துரும்பு இன்னும் சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. உங்கள் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று மனுவிலேயே எழுத வேண்டும், சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். உச்சநீதிமன்றம் 2002இலும், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2005இலும் இதைச் சொல்லிவிட்டது. பத்து ரூபாய்ப் பத்திரம் மட்டும் போதாது. நிரூபிக்காவிட்டால் முதல் கலியாணம் நிற்கும், இரண்டாவது செல்லாது. நம் சேரிகளில் எத்தனை பெண்கள் இப்படி இரண்டும்கெட்டானாக நிற்கிறார்கள்!

பஞ்சாயத்தைக் கும்பிடச் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஆம்பளைகள். அத்தை சுவரோரம் நின்றது. பெரிய வழக்கென்றால் ஊர் அம்பலத்திடம் போய் அபராதம் கட்டி, காலில் விழுந்து வரவேண்டும். "பாத்தியதை இல்லை" என்று எழுதியபோது பிள்ளைச் சோற்றுக்கு என்ன வழி என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் பத்திரத்தை வைத்தே எங்கள் வக்கீல் ஜெயித்திருக்கலாம். பிரிவு நிரூபணமாகவில்லை என்றால் அத்தை அவன் மனைவி. நிரூபணம் ஆனாலும், மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. ஒத்துப் பிரிந்தவளுக்கும் அது உண்டு என்று 1995லேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பிள்ளைக்கோ எப்படிப் பார்த்தாலும் உண்டு. அதன் சோற்றைப் பஞ்சாயத்து எழுதி வாங்க முடியாது. அன்றைக்கு உச்சவரம்பு மாசம் 500 ரூபாய், 2001இல்தான் நீக்கினார்கள். அந்த ஐந்நூறும் எங்களுக்கு வரவில்லை.

*

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். அத்தை கம்மலை அடகு வைத்திருக்கவே வேண்டாம்.

1976இல் அரசியல் சட்டத்தில் 39ஏ சேர்ந்தது. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி அரசின் கடமை ஆனது. 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் போட்டார்கள். அது அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதன் 12ஆம் பிரிவைப் படியுங்கள். பட்டியல் சாதியார், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அத்தைக்குச் சாதியாலும் உரிமை, பெண்ணாக இருப்பதாலும் உரிமை. சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்த வராந்தாவில் ஒருத்தர்கூட அதைச் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் ஆவூர் போன்ற பழைய மிஷன் ஊர்கள் உண்டு. கிறிஸ்தவ தலித் பெண்ணின் நிலைமை இன்னும் மோசம். 1869ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டப்படி, புருசன் சோரம் போனான் என்பது மட்டும் போதாது, கொடுமை மாதிரி இன்னொன்றும் சேர்த்து அவள் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001இல்தான் திருத்தினார்கள். 1950 ஆணையின்படி அவள் பட்டியல் சாதி ஆகமாட்டாள். ஆனாலும் பெண் என்ற வகையில் அவளுக்கும் இலவச வக்கீல் உண்டு. இதை நம் தோழர்களே பலர் அறியவில்லை.

இன்னும் சில. இந்து திருமணச் சட்டம் 24ஆம் பிரிவின்படி, விவாகரத்து வழக்கு நடக்கும்போதே செலவுக்குப் பணம் கேட்டு மனுப் போடலாம். வக்கீல் பீஸும் அதில் சேரும். "வர்ற ஜீவனாம்சத்துல இத்தனை பங்கு எனக்கு" என்று வக்கீல் பேசக்கூடாது, பார் கவுன்சில் விதி தடுக்கிறது. பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரர் காகிதங்களை நிறுத்தி வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுக்கு மூன்று வருஷம் பிந்தி வந்த தீர்ப்பு. பிடிக்காவிட்டால் வக்காலத்தை மாற்றலாம். பழைய வக்கீல் சம்மதம் தராவிட்டால் கோர்ட்டு அனுமதியோடு மாற்றலாம்.

தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வன்கொடுமை வழக்கென்றால் ஓடுகிறோம். சரிதான். புருசன் அடித்த வழக்கென்றால் "குடும்ப விவகாரம்" என்று ஒதுங்குகிறோம். சேரிப் பெண் கோர்ட்டு வாசலைத் தனியாக மிதிக்கிற இடம் அதுதான். கூடப் போங்கள். கோர்ட்டு வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகாவிலும் குழு இருக்கிறது. 15100க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். இலவச வக்கீல் காசு கேட்டால் அங்கேயே எழுதிக் கொடுங்கள், அக்கறை காட்டாவிட்டால் வேறு ஆளைக் கேளுங்கள். மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். வழக்கு எண்ணைக் குறித்து வாங்குங்கள், வாய்தா தேதியை இன்று செல்போனிலேயே பார்க்கலாம். 2024 ஜூலைக்குப் பின் 125ஆம் பிரிவு போய், புதிய சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது. எண் மாறியது, உரிமை மாறவில்லை.

எழுத்தாளர்களுக்கும் ஒன்று. ஊர் ஊராகப் போய் நம் பெரியவர்களிடம், முக்கியமாகக் கிழவிகளிடம், எப்படித் தீர்த்துவிட்டார்கள், எப்படி மறுபடி கட்டினார்கள் என்று பதிவு செய்யுங்கள். நாளைக்கு ஒரு பெண் வழக்கத்தை நிரூபிக்க வேண்டிவந்தால் அந்தக் கிழவிதான் சாட்சி.

1976இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்திக் கீழ்க்கோர்ட்டுகளுக்குத் தமிழைக் கொண்டுவந்தார்கள். ஐக்கோர்ட்டுக்கும் வேண்டும் என்று 2006இல் சட்டசபை தீர்மானம் போட்டது, கிடைக்கவில்லை. அத்தைக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. இப்போதும் எப்போதாவது கேட்கும்: "அன்னிக்கு நம்ம வக்கீலு எந்திரிச்சு என்னதான் சொன்னாரு? நீ பக்கத்துலதான நின்ன?"

நின்றேன். எனக்கும் ஒண்ணும் புரியலை அத்தை.