கதிர்ச் சிகிச்சையும் வாய்க் கேடுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

தலை, கழுத்துப் பகுதிகளிலே தோன்றும் புற்றுநோயைக் கதிர்களால் அழிக்க முற்படுகையில், அயலிலுள்ள வாயும் ஊறுபடுகின்றது. சீதமென்சவ்வு புண்ணாதல், உமிழ்நீர் வற்றுதல், சுவையுணர்வு குன்றுதல், தாடையென்பு மடிதல் ஆகியன அவ்வூறுகளுள் முதன்மையானவை. இவை எவருக்கு, எவ்வளவில் நேரும் என முன்கூட்டியே கணிக்கும் முயற்சி வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கின்றது.

1895இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களையும், 1898இல் கியூரி தம்பதியர் றேடியத்தையும் கண்டறிந்தனர். சில ஆண்டுகளுள் இவை இரண்டும் சிகிச்சைக்குப் பயன்படலாயின. ஆயினும் கதிரை அளத்தற்கு யாவரும் ஏற்ற அலகு அன்று இருக்கவில்லை. தோல் சிவத்தலே பெரும்பாலும் அளவாகக் கொள்ளப்பட்டது. 1928இல் ஸ்டொக்ஹோமிற் கூடிய மாநாடு 'றொன்ட்ஜன்' எனும் அலகை ஏற்கும்வரை, நோயாளியின் உடலே அளவுகோலாயிருந்தது எனலாம்.

பாரிசிலே றெகோ என்பார் விலங்குகளில் நடத்திய பரிசோதனைகள், கதிரைப் பல நாட்களுக்குப் பகிர்ந்து செலுத்தினால் இயல்பான இழையங்கள் பெரிதும் தப்பும் என்பதை உணர்த்தின. அவருடன் பணியாற்றிய கூத்தார் இம்முறையைத் தொண்டைப் புற்றுநோயாளரிடத்துக் கையாண்டார். சவ்விலே தோன்றும் அழற்சியைக் கவனித்துச் சிகிச்சையை நெறிப்படுத்தினார். குரல்வளைப் புற்றுநோய் கதிர்களாற் குணமானமை 1922இல் பாரிஸ் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. கதிர் பட்ட என்பு மடிவதைப் பற்றி றெகோ எழுதியதும் அதே ஆண்டிலேதான். வெற்றியும் அதன் விலையும் ஒருங்கே பதிவாயின.

ஊறு நேர்ந்தபின் அறியும் இந்நிலை கணிதத்தின் துணையாலே மாறத் தொடங்கியது. கதிரின் அளவுக்கும், அது படும் உறுப்பின் பருமனுக்கும், ஊறு நேரும் நிகழ்தகவுக்குமுள்ள தொடர்பை 1985இல் லைமன் சமன்பாடாக வகுத்தார். கன்னவுமிழ்நீர்ச் சுரப்பி பெறும் சராசரி அளவு ஏறக்குறைய 26 கிறேயை விஞ்சின் உமிழ்நீர் மீள்வதரிது என 1999இல் அமெரிக்காவில் ஐஸ்பிறக் குழுவினர் காட்டினர். கணிப்பெண் அவ்வாறே சிகிச்சைத் திட்டத்தின் இலக்காயிற்று. சுரப்பியைத் தவிர்த்துக் கதிரைச் செலுத்தும் புதிய முறையை ஆராய்ந்த பிரித்தானியர், 2011இல் தம் முடிவை வெளியிட்டனர். ஓராண்டின் பின் கணிசமான வாய் வறட்சியுற்றோர் பழைய முறையில் 74 வீதத்தினர்; புதிய முறையில் 38 வீதத்தினர்.

இம்முன்னேற்றம் பெரிது, எனினும் அந்த 38 வீதத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். நிகழ்தகவு கூட்டத்தைப் பற்றிய கூற்று. உண்ணவும் உரையாடவும் இடர்ப்படுபவனோ தனி மனிதன். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வழக்கமுள்ள எம் நாட்டில், ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதால் இது எமக்கும் உரிய பிரச்சினையே. கூத்தாரின் நோயாளர் தமக்கு நேர்ந்ததை நேர்ந்தபின்னரே அறிந்தனர். இன்றைய நோயாளருக்கு அதனை முன்னரே எடுத்துரைத்து, அவர்தம் விருப்பத்தையும் கேட்டறிய வழியுண்டு. கணிப்பின் உண்மைப் பயன் அதுவேயாகும்.