கேலியில் தேறிய கருவிகள்: பழவேற்காட்டுக் குப்பங்களில் புதுமை வந்த வரலாறு

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர்களுக்குத் தொழில்நுட்பச் செய்தி தூரத்திலிருந்து வருவதில்லை. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், பொன்னேரி வட்டத்தில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் வாசலில் நின்றே அந்த நெருப்பைப் பார்க்கலாம். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்முனை தமிழ்நாட்டிலும் இருக்கிறது. இந்தக் கரைக்கு நானூறு ஆண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாகப் புதுக் கருவிகள் வந்திருக்கின்றன. புதியதைக் கண்டதும் முதலில் கிண்டல் செய்வது கரையோரத்து இயல்பு. அந்தக் கிண்டலுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கும்: இது தண்ணீரில் நிற்குமா? இதனால் யாருடைய பங்கு போகும்? இரண்டுக்கும் பதில் சொன்ன கருவியே படகில் ஏறியது.

தொடக்கத்தில் வியப்பு எதிர்த்திசையில் இருந்தது. வந்தேறிய ஐரோப்பியர்கள்தான் இந்தக் கரையின் கருவிகளைப் பார்த்து வாய்பிளந்தார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். அவர்களிடம் பீரங்கி இருந்தது, ஊருக்குள் வெடிமருந்து ஆலை இருந்தது, கடலைக் கடக்கும் பெருங்கப்பல்கள் இருந்தன. ஆனால் கரைக்கும் கப்பலுக்கும் நடுவிலுள்ள அலைவரிசையைக் கடக்க அவற்றால் முடியவில்லை. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைப் படகும், நான்கைந்து மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரமும்தான் அந்த வேலையைச் செய்தன. ஆணி அடித்த படகு தரையில் மோதினால் பிளக்கும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். கட்டுமரத்தில் தண்ணீர் ஏறினாலும் இடுக்கு வழியே இறங்கிவிடும் என்பதால் அது மூழ்குவதில்லை. சென்னையில் கட்டுமரக்காரர்கள் கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் எழும்வரை ஆளுநரானாலும் தைத்த படகில் ஏறித்தான் சென்னையில் இறங்க வேண்டியிருந்தது. கடற்கரையில் எந்தக் கருவி உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பதை அலை தீர்மானிக்கும் என்ற பாடம் இந்த மக்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தவற்றுள் நிலைத்தது 1859இல் எழுந்த கலங்கரை விளக்கம். கப்பல்களுக்காகக் கட்டியதை மீனவர்கள் தங்களுக்காக எடுத்துக்கொண்டார்கள். கடலில் மீன் கிடைக்கும் இடத்தை நினைவில் வைக்கக் கரையிலுள்ள இரண்டு உயரமான பொருள்களை ஒன்றோடொன்று நேர்ப்படுத்திப் பார்ப்பது பழைய முறை. பனைமரமும் கோயிலும் மாதா கோயில் கோபுரமும் இருந்த பட்டியலில் விளக்கும் சேர்ந்தது. 1878இல் பக்கிங்காம் என்று பெயர் சூட்டப்பட்ட கால்வாய் ஏரியின் வழியாகவே போனதால் விறகும் உப்பும் மீனும் சென்னைக்கு ஓடத்தில் போயின.

அதே காலத்தில் சென்னைப் பட்டணத்தில் புதுமையைப் பாடிச் சிரிப்பதே ஒரு தொழிலானது. 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. 1895இல் மின்சார டிராம் வந்தது. குஜிலிக் கடைகளில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் ரயிலையும் டிராமையும் மோட்டாரையும் தெம்மாங்கிலும் சிந்திலும் பாடின. படித்தவர்கள் இவற்றைத் தாழ்வாக நினைத்தார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்த பிறகுதான் இவற்றின் மதிப்பு பரவலாகத் தெரிந்தது. எளிய மக்கள் இயந்திரத்தைக் கண்டு மிரண்டார்கள் என்று சொல்வோர் இந்தப் பாட்டுகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் மிரட்சியைவிடக் குதூகலமே அதிகம்.

வடதமிழகத்துத் தெருக்கூத்தில் இந்தக் குதூகலத்துக்கென்றே ஒரு வேடம் உண்டு. துரியோதனன் சபையில் நிற்கும் கட்டியங்காரன் எந்த நேரத்திலும் மகாபாரதத்தை விட்டு வெளியே வரலாம். பேருந்து, மின்வெட்டு, கைப்பேசி எல்லாவற்றையும் அரசன் முன்னால் இழுத்துவந்து பேசலாம். விடிய விடிய நடக்கும் கூத்தில் ஜனங்கள் விழித்திருப்பது பாதி அவனுக்காகத்தான். அவன் கருவியைப் பழிப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு அலட்டுகிறவனைப் பழிக்கிறான். திரையில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் செய்ததும் இதற்கு நெருங்கியது. 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் விஞ்ஞானத்தைப் பற்றி அவர் பாடும் பாட்டு, வீட்டு வேலையெல்லாம் ஒரு பொத்தானில் முடிந்துவிடும் காலத்தைச் சிரிக்கச் சிரிக்கக் கற்பனை செய்கிறது. அந்தப் படம் வந்தபோது குப்பங்களில் பொத்தான் அழுத்த மின்சாரமே இல்லை. 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சியும் 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் வந்தபோது பொத்தான் மீனவர் வீட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

தொழிற்கருவிகளின் கதை இதைவிடக் கடினமானது. சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறையைத் தொடங்கிய சர் பிரெடரிக் நிக்கல்சன் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள மீன்பிடித் தொழிலைப் பார்த்து 1907இல் ஓர் அறிக்கை எழுதினார். பெரிய நீராவிக் கப்பல்களைக் கொண்டுவந்து இறக்குவதைவிட, மீனவர் கையில் இருக்கும் படகையும் வலையையும் படிப்படியாகத் திருத்துவதே வழி என்பது அவர் கருத்து. நூறாண்டு கழித்துப் பார்த்தாலும் அது சரியான கருத்துதான். விடுதலைக்குப் பிறகு அந்தப் பொறுமை காணாமல் போனது. 1953இல் கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்தோடு விசைப்படகுகளின் காலம் பிறந்தது. இறால் ஏற்றுமதியின் பணம் எல்லாக் கரைகளையும் இழுத்தது.

பழவேற்காட்டில் முதலில் மாறியது வலை. பருத்தி நூல் வலை சீக்கிரம் மக்கும். அதை மரப்பட்டைச் சாற்றில் காய்ச்சிச் சாயமேற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் வெயிலில் உலர்த்த வேண்டும். நைலான் வலைக்கு இவை எதுவும் வேண்டாம். நனைந்தபடியே சுருட்டிவைத்து மறுநாள் போடலாம். வலைக்குச் சாயம் காய்ச்சும் பானைகள் ஒரு தலைமுறைக்குள் தேவையில்லாமல் போயின. அடுத்து வந்த தங்கூசி வலை தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. மீன் நிறையச் சிக்கியது. ஆனால் அறுந்து கடலில் விழுந்த வலையும் மக்காமல் கிடந்து, யாருக்கும் பயனில்லாமல் மீனைக் கொன்றுகொண்டே இருக்கிறது. பருத்தி வலையில் இந்தக் கேடு இல்லை.

ஏரிக்குள் புதுக் கருவி எளிதில் நுழைய முடியாததற்குக் காரணம் பாடு முறை. இறால் பிடிக்கும் இடங்களை ஊர் பொதுவில் வைத்து, சீட்டுக் குலுக்கி, முறை வைத்துக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதே பாடு. நல்ல இடம் இன்று ஒருவருக்கு என்றால் மறுமுறை இன்னொருவருக்கு. கோட்டைக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் நடூர் மாதாகுப்பமும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களை இப்படித்தான் பங்கிட்டுக்கொண்டன. ஆய்வாளர்கள் பலர் இதைச் சமூகமே நடத்தும் மீன்வள நிர்வாகத்துக்கு எடுத்துக்காட்டாக எழுதியிருக்கிறார்கள். பாடு முறைக்குள் வராத, உரிமை கிடைக்காத குடிகளும் ஏரிக்கரையில் உண்டு. அதுவும் இந்த முறையின் ஒரு பக்கம். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே வலையில் எல்லாவற்றையும் அள்ளிவிடும் கருவி எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், இங்கே அது பக்கத்து வீட்டுக்காரரின் முறையைத் திருடுகிறது. கடலில் மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குவலை மீது எழுந்த சண்டையின் வேரும் இதுவே. தமிழ்நாடு அரசு 2000இல் அந்த வலையைத் தடை செய்தது.

இயந்திரம் கடலுக்குப் பொருந்திய அளவுக்கு ஏரிக்குப் பொருந்தவில்லை. ஏரியின் பெரும்பகுதியில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. கழி ஊன்றித் தள்ளும் படகுக்கு அதுவே போதும். கடலில் நிலைமை வேறு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை கட்டுமரங்களை உடைத்துப்போட்ட பிறகு, நிவாரணமாகத் தமிழகக் கரையெங்கும் பைபர் படகுகளும் இயந்திரங்களும் குவிந்தன. கொடுத்தவர்களின் மனம் நல்லது. ஆனால் அலைக்குப் பொருந்தாத வடிவங்களும் தரக்குறைவான படகுகளும் அவற்றில் கலந்திருந்தன. சில ஊர்களில் முன்பு இருந்ததைவிடப் படகுகள் கூடிப்போயின. கட்டுமரத்துக்கு டீசல் வேண்டாம். பைபர் படகு கடலுக்குப் போவதற்கு முன்பே கடன் தொடங்கிவிடுகிறது.

இனி ராக்கெட். 1971 அக்டோபர் 9ஆம் தேதி ரோகிணி-125 என்ற சிறு ராக்கெட்டோடு ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இயங்கத் தொடங்கியது. 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி-3 வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18ஆம் தேதி வென்றது. தோல்வியும் வெற்றியும் நாட்டுக்குத் தலைப்புச் செய்தி. பழவேற்காட்டுக்கு இரண்டுமே கடலுக்குப் போக முடியாத நாள். ஏவும் நாளில் அந்தக் கடற்பரப்புக்குள் போகக் கூடாது என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். ஏவுதல் தள்ளிப்போனால் அந்தத் தடையும் இன்னொரு நாளுக்கு வரும். 2019 ஜூலை 15ஆம் தேதி சந்திரயான்-2 கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு 22ஆம் தேதி கிளம்பியது இதற்கு உதாரணம். அதே ஆண்டு டிசம்பரில் புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் மீனவர்களின் வலையில் ராக்கெட்டின் பக்க மோட்டார் ஒன்று சிக்கியது. அதைக் கரைக்கு இழுத்துவந்தவர்கள், வலை சேதமானதற்கு நட்டஈடு கேட்டார்கள். விண்வெளிச் செய்திகளுக்கு இந்தக் கரை அளித்த பதில்களில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

அதே தீவிலிருந்து போன செயற்கைக்கோள்கள் மீனவர்களுக்கே திரும்பி உதவியது உண்மை. 1999இல் ஓஷன்சாட்-1, 2009இல் ஓஷன்சாட்-2, 2022இல் இ.ஓ.எஸ்-06 ஆகியவை கடல்நீரின் பசுமையை அளக்கப் போனவை. நுண்பாசி செழித்த இடத்துக்கு மீன் வரும் என்ற கணக்கில், ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கூடும் பகுதிகளைத் திசை, தூரம், ஆழத்தோடு அறிவிக்கிறது. ஆனால் மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்கு அந்தப் பசுமை தெரியாது. அன்று அறிவிப்பும் இராது. வாடைக் காற்றின் வாசத்தில் மழையைச் சொல்லும் கிழவர்கள் உள்ள ஊரில் இது கேலிக்கு நல்ல தீனி.

கேலியை வென்ற கருவி எளிமையானது: ஒலிபெருக்கி. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்துக் கடற்கரையில் ஒலிபரப்பினார்கள். சொன்ன அலை வந்ததை மீனவர்கள் கண்ணால் பார்த்தார்கள், நம்பினார்கள். ஆழிப்பேரலை அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்த அந்த ஊர்க்காரர் தொலைபேசியில் எச்சரிக்கை சொல்ல, ஊர் ஒலிபெருக்கி அதைக் கூவ, ஊர் உயிர் தப்பியது.

கைப்பேசிக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. எந்தத் துறையில் என்ன விலை என்று கடலிலிருந்தே கேட்க முடிந்தால் மீனை எங்கே இறக்குவது என்று முடிவு செய்யலாம். வடகேரளத்து மத்தி மீன் சந்தைகளை ஆராய்ந்த பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், கைப்பேசி வந்தபின் ஊருக்கு ஊர் விலை வேறுபாடு குறைந்ததையும் வீணாகும் மீன் இல்லாமல் போனதையும் 2007இல் நிறுவினார். ஆனால் கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் அலைவரிசை கிடைப்பதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் ஆழ்கடலில் இருந்தவர்களை எச்சரிக்கை எட்டாமலே அடித்தது. அதன் பிறகே செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் நாவிக் கருவிகளும், 2019இல் ஜெமினி என்ற கருவியும் வந்தன. இரண்டும் முதலில் செய்தியைக் கேட்க மட்டுமே உதவின. ஆபத்தில் இருப்பவர் அவற்றின் வழியே பதில் சொல்ல முடியவில்லை. இருவழியாகப் பேசும் கருவிகள் இப்போதுதான் படகுகளுக்கு வருகின்றன. இவற்றுள் எது தேறும் என்பதைக் கடல் சொல்லும்.

ஏவுநாள் தடை இன்றும் தொடர்கிறது. நாட்டின் விண்வெளிப் பயணத்துக்காக ஒரு நாள் கடலை விட்டுக்கொடுக்கும் குடும்பத்துக்கு அந்த நாளின் கூலியைக் கணக்கிட்டுக் கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவல்ல. அதை உடனே செய்ய வேண்டும்.